சுருக்கக் கோஸ்

பழைய பெயிண்ட் வாளி ஒன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வாளியில் மண்ணும், மண்ணில் ஒரு கோஸ் செடியும் இருந்தன. அதைக் கோஸ் என்று நான்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஏதோ காட்டுச்செடி என்பார்கள். உருண்டை பிடிக்காமல், இலைகளைப் பரக்க விரித்துக்கொண்டு அது பாட்டுக்கு நின்றது.

பங்குனி வெயில். செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டதால் படிக்கட்டு சிமெண்ட் உள்ளங்காலைச் சுட்டது. அறுபதைத் தாண்டிய இடுப்புக்கு ஈரமண் வாளி கொஞ்சம் அதிகம்தான்.

பின்பக்கம் குப்பைக் குழியில் கொட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இது முதல் வாளி. மேலே இன்னும் சில வாளிகள் இருந்தன. எல்லாவற்றையும் கொட்டிக் கையைக் கழுவிவிட்டால் இந்த வருஷத்துக் கோமாளித்தனம் முடிந்துவிடும்.

கீழே பின்வாசல் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி வசந்தா உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஊசி குத்துகிற கை அது. தலை சாய்ந்திருந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அத எங்க கொண்டுபோறீங்க?" என்றாள்.

"கொட்டத்தான்."

"கீழ வைங்க. நான் பாக்கணும்."

வைத்தேன். நிமிர்வதற்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து அந்தச் செடியைப் பார்த்தாள். பல மாதமாக எதையுமே அவள் அப்படிப் பார்த்ததில்லை. ஏன் அப்படிப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டுக்குள் கோஸ் நுழைந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டே கிழமை

தீப்பெட்டி ஆபீசில் நான் குப்பை கொட்டிய காலத்தைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குச்சி அடுக்கப் போகிறவர்களுக்கும் அது ஆபீஸ்தான். அந்த ஆபீசிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மத்தியானம் தூங்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் வசந்தாவின் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றுக்கொண்டன. ஒரே வீட்டில் எத்தனை பேர்தான் ஓய்வு பெறுவது?

வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடியும் முன்னால் பஸ் ஏறுவோம். அவள் மெஷினோடு கிடக்கிற நேரமெல்லாம் நான் வெளியே பெஞ்சில் கிடப்பேன். திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டும்வரை இருவரும் பேச மாட்டோம். சண்டை ஒன்றும் இல்லை, தெம்பு இருக்காது. நாளாக ஆக எனக்குத் திங்கள், செவ்வாய் எல்லாம் மறந்துபோயின. போகிற நாள், போகாத நாள் என்று இரண்டே கிழமைதான்.

மகன் சென்னையில் இருக்கிறான். அக்கறையாக போன் செய்வான். போனில் பஸ்ஸுக்கு இடம் பிடிக்க முடியாது, பாவம்.

மருத்துவமனையில் சாப்பாட்டு விஷயம் சொல்வதற்கென்றே ஓர் அம்மா இருந்தார். அவர் முதல் நாளே எங்களை உட்காரவைத்து, இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கீரை ஆகாது, தேங்காய் ஆகாது என்று சொல்லிக்கொண்டே போனார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார். அப்படியானால் என்னதான் ஆகும் என்று கேட்டேன். வசந்தாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவர் சொன்ன காய்களில் முதலில் வந்தது கோஸ். அதையும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து கரண்டி என் கைக்கு வந்தது. கோஸ் துவட்டினேன், கூட்டு வைத்தேன், அரிசி மாவில் பிசைந்து அடையாகத் தட்டினேன். நாங்கள் துவட்டல் என்பதை அவள் பொரியல் என்பாள். எந்தப் பேர் சொன்னால் என்ன, வேகவைத்து வடித்த கோஸுக்கு ஒரே வாடைதான். அடுப்பில் ஏற்றியதுமே அது வீடு முழுக்கப் பரவிவிடும். தலையணை உறையில்கூடக் கோஸ் வாடை வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் சட்டையை மோந்து பார்க்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் தட்டைத் தள்ளத் தொடங்கினாள். முதலில் பாதி மிச்சம் வந்தது. பிறகு இரண்டு வாயோடு நிறுத்தினாள். பிறகு தட்டை வைப்பதற்கு முன்னாலேயே பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் இந்த உடம்பு மெஷினைத் தாங்காது, எப்படியாவது சாப்பிடவையுங்கள் என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்று பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்? வாயத் தெறந்து சொல்லித் தொலையேன்." கேட்ட தொனி நன்றாக இல்லை என்று கேட்டபோதே தெரிந்தது. எனக்கும் தூக்கம் இல்லை.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்துக் கிடந்த கரிசல் காடு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"எங்க ஊர் சுருக்கக் கோஸ் கெடச்சா சாப்பிடுவேன்," என்றாள்.

தவளை முதுகு

வசந்தாவுக்குக் கோத்தகிரி. அவள் அப்பா கழுகுமலைக்காரர்தான். மழை பொய்த்த ஒரு வருஷம் மலையேறிப்போய், அங்கே ஒரு பங்களாவில் தோட்டக்காரராக இருந்துவிட்டார்; பேச்சும் மலைப்பேச்சாகவே மாறிவிட்டது. பெண்ணைச் சொந்த ஊர்ப் பக்கம்தான் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் எனக்கு அடித்தது அதிர்ஷ்டம். அவளுக்கு அடித்ததற்கு என்ன பேர் என்று நான் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் அவளைக் கரிசல் காட்டு வழியே நடத்திக்கொண்டு போனேன். அடிக்கு அடி செருப்பில் மண் அப்பி, அவள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள். "உங்க ஊர் மண்ணு ஆளப் பிடிச்சா விடாது போல," என்றாள். விடத்தான் இல்லை.

அந்தப் பங்களாத் தோட்டத்தில் வளர்ந்த கோஸைப் பற்றி அவள் முன்னமே பேசியிருக்கிறாள். நான்தான் காதில் வாங்கவில்லை. இப்போது பஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். இலை வழுவழுவென்று இருக்காதாம். புடைப்பும் குழியுமாகத் தவளை முதுகு மாதிரி இருக்குமாம். காலையில் அந்தக் குழிக்குள் பனித்தண்ணீர் நிற்குமாம். வேகவைத்தால் வாடை வராதாம், லேசாக இனிக்குமாம். அவள் வீட்டில் அதற்குச் சுருக்கக் கோஸ் என்று பேர். சுருக்கம் விழுந்த கோஸ் என்று அர்த்தம்.

கோவில்பட்டி மார்க்கெட்டில் தேடினேன். திருநெல்வேலியில் தேடினேன். எல்லாக் கடையிலும் வழுவழுக் கோஸ்தான் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு காய்க்கடை அம்மாள், சுருங்கிப்போன கோஸ் என்றால் நேற்றையது கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சும்மாவே தரத் தயாராக இருந்தார்.

கிடைக்காவிட்டால் வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பும் உளுந்தும் விளைகிற ஊரில் மலைக்கோஸ். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டில் சேர்த்துவிடுவார்கள்.

பாய் கடைப் பொட்டலம்

விதை என்றால் எங்களுக்குக் காதர் பாய் கடை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே தெருவில் இருக்கிற கடை. பருத்தி விதை, வெங்காய விதை, மருந்தடிக்கிற டப்பா, அதற்கு வாஷர் எல்லாம் கிடைக்கும். ஆள் நல்ல பேச்சுக்காரர். விதை முளைக்கவில்லை என்று சண்டைக்குப் போகிறவன்கூட டீ குடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

ஐப்பசி பிறந்திருந்தது. கடையில் கூட்டம். சுருக்கக் கோஸ் விதை இருக்கிறதா என்று கேட்டேன். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருக்கிறது, மாடித்தோட்டத்துக்கா என்று கேட்டு, பெரிய பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் தட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார். இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். கோஸ் விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த ரகமாக இருந்தாலும் கடுகு மாதிரிதான் இருக்கும்.

கரிசல் மண்ணை வாளியில் போட்டால் ஈரத்தில் களியாகும், காய்ந்தால் கல்லாகும். கழுகுமலைப் பக்கமிருந்து செம்மண் கொண்டுவரச் சொல்லி, மாட்டுச்சாணத் தூளும் தேங்காய் நார்த்தூளும் கலந்தேன். பெயிண்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டேன். கன்று வளர்ந்ததும் வாளிக்கு ஒன்றாக நட்டேன்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நினைத்தபோது வராது. வருகிற அன்று பிடித்து வைத்ததை மாடிக்குச் சுமந்து ஊற்றினேன். கோஸ் ஒரு குடிகாரச் செடி. ஒரு நாள் விட்டால் தலை தொங்கிவிடும்.

வசந்தா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, நான் தண்ணீரோடு படியேறுவதையே பார்ப்பாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கட்டுப்பாடு. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள்.

"எனக்கு டம்ளர். அதுக்கு வாளியா?" என்றாள் ஒரு நாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கண்ணில் படாமல் தண்ணீர் தூக்கப் பார்த்தேன். படிக்கட்டு ஒன்றுதான் இருந்தது.

வழுவழுப்பு

கன்றாக இருக்கும்போது எல்லாக் கோஸும் வழுவழுதான், சுருக்கம் பிறகுதான் விழும் என்று வசந்தா சொல்லியிருந்தாள். அதனால் காத்திருந்தேன். கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தது. இலை உள்ளங்கை அகலம் வந்தது, தட்டு அகலம் வந்தது. தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைத் தடவிப் பார்ப்பேன். புதுச் சிமெண்ட் தளம் மாதிரி இருந்தது. நல்ல செழிப்பான, சிரித்த முகமான, வழுவழு இலை.

ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அன்று எனக்கு உண்மையாகவே கோபம். முந்தின நாள் வசந்தா சோற்றைத் தொடவே இல்லை.

"பாய், நான் கேட்டது என்ன, நீங்க குடுத்தது என்ன? இதுல சுருக்கம் எங்கன இருக்கு?"

பாய் இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான அண்ணாச்சி வந்திருக்கு. சுருக்கக் கோசுன்னுதான கேட்டீய? இதான் இருக்கதுலயே சுருக்க வாரது. மத்தது எல்லாம் மெல்லத்தான் வரும்."

இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் சுருக்க என்றால் சீக்கிரம். சுருக்க வா என்றால் விரைந்து வா. எங்கள் ஊர்க்காரனான நான், எங்கள் ஊர்க் கடையில், என் மனைவி ஊர்ச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பாய் எங்கள் ஊர்ச் சொல்லாக அதை வாங்கிக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு?

இந்தச் சொல் எங்களை ஏமாற்றியது இது முதல் தடவை இல்லை. கல்யாணமாகி வந்த மறுநாள், யாரோ பார்க்க வருகிறார்கள் என்று என் அம்மா வசந்தாவிடம், "சேலையச் சுருக்க மடிச்சு வையம்மா" என்று சொல்லியிருக்கிறாள். வசந்தா கூறைச்சேலையைக் கசக்கிச் சுருக்கிப் பந்தாக உருட்டிப் பெட்டிமேல் வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று பட்ட வெட்கத்தில் வசந்தா அந்தச் சொல்லைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அவிய, இங்கன, துட்டு எல்லாம் அவள் வாயில் ஏறின. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் சுருக்க மட்டும் ஏறவில்லை. அவளுக்கு எப்போதும் சீக்கிரம்தான்.

பாயிடம் விவரத்தைச் சொன்னேன். சிரிக்கப் போனவர், எதற்காகக் கேட்டேன் என்று தெரிந்ததும் சிரிக்கவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ரகத்தை இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை, தன்னிடம் இல்லை என்று வருத்தப்பட்டார்.

பாய் கொடுத்த கோஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒவ்வொரு வாளியிலும் குண்டு குண்டாகக் காய் பிடித்தது. மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், நல்ல ரகம். ஒன்றை அறுத்துச் சமைத்தேன். வசந்தா எனக்காக இரண்டு வாய் வைத்துக்கொண்டு, அதே வாடைதான் என்று தட்டை நகர்த்தினாள். மிச்சத்தைத் தெருவில் கொடுத்துவிட்டேன்.

எந்த ரகம் என்று கேட்டால்

அதுவரை நான் சும்மா இருந்துவிடவில்லை. கடையில் விஷயம் தெரிந்த அன்றே கோத்தகிரியில் இருக்கும் மைத்துனன் மோகனுக்குப் போன் செய்தேன். எதற்கும் பதறாத ஆள். இங்கே யாராவது விழுந்து கிடந்தாலும், அத்தான், முதல்ல ஒரு டீ குடிங்க என்பான்.

கடையில் அதற்குச் சவோய் என்று பேர் என்று அவன்தான் சொன்னான். அதிலும் ஒரே ரகம் இல்லையாம். ஒன்று, உருண்டை பெரிதாகத் தட்டையாக வருவது. இலை கரும்பச்சை, சுருக்கம் ஆழமாக விழும். அதற்குக் குளிர் வேண்டும், நாளும் அதிகம் எடுக்கும், பனி பட்டால்தான் இனிக்கும். இன்னொன்று வெளிர்பச்சை. உருண்டை சின்னது, சுருக்கமும் மேலோட்டமாக இருக்கும், ஆனால் முந்தி வரும், கொஞ்சம் வெயிலையும் பொறுக்கும். உங்கள் ஊருக்கு இரண்டுமே கஷ்டம், வேறு வழியில்லை என்றால் இரண்டாவதைப் பாருங்கள் என்றான்.

அக்கா சாப்பிட்டது எது என்று கேட்டேன். பங்களாவில் இரண்டும் இருந்தன, நான் அப்போது ரொம்பச் சின்னவன் என்றான். அவளிடம் கேட்டால் தவளை முதுகு என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. எந்த ரகம், எவ்வளவு பெரிய உருண்டை என்று நான் துளைத்துத் துளைத்துக் கேட்டதில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். மகனுக்குக் காலேஜ் தேர்ந்தெடுத்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. பெரிய ரகத்தின் படம் கண்ணைப் பறித்தது. மோகன் அனுப்பியிருந்தான். வெட்டி வைத்த உருண்டை ஒன்று, பச்சைப் பட்டுத்துணியை மடித்து வைத்த மாதிரி. ஆனால் படமா வளரப் போகிறது? வளரப்போவது எங்கள் மொட்டைமாடியில். வீட்டில் பயிர் வைக்கிறவன் விதைப் பாக்கெட்டைப் பார்க்கும் முன்னால் தன் ஊர் வெயிலைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது சுருக்கமும் விழுந்த, சுருக்கவும் வருகிற கோஸ். பாயிடம் இதைச் சொன்னபோது அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

சின்ன ரகம் தபாலில் வந்தது. மார்கழியில் விதைத்தேன். தையில் பிடுங்கி நட்டேன். இதற்கே ஒரு மழைக்காலம் கைவிட்டுப் போயிருந்தது.

இந்தத் தடவை சுருக்கம் விழுந்தது. தை கடைசியில் ஒரு நாள் காலையில், நடு இலையில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரிந்தன. தடவிப் பார்த்தேன். தவளை முதுகேதான். வசந்தாவிடம் சொல்லவில்லை. முழு உருண்டையாக அறுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைக்க வேண்டும் என்று வைராக்கியம். அவளுக்குப் படியேறித் தானாகப் பார்க்கவும் தெம்பு இல்லை.

சுருக்கத்தில் ஒரு தொல்லையும் உண்டு. பச்சைப்புழு குழிக்குள் ஒளிந்துகொண்டால் கண்ணுக்கே தெரியாது. சாப்பிடப் போகிறவள் நோயாளி, மருந்தடிக்க மனசு வரவில்லை. காலையும் மாலையும் விரலால் தேடி எடுத்தேன். போகிற நாளில் பஸ்ஸுக்கு முன்னால் டார்ச் அடித்துத் தேடினேன்.

மாசி பிறந்தது. எங்கள் ஊர் வெயில் காலண்டர் பார்க்காது. பழைய வேட்டிகளைக் கட்டி நிழல் போட்டேன். வாளிகளைச் சுற்றி ஈரச்சாக்கு சுற்றினேன். செடியின் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன், உள்ளே கெட்டியாக ஏதாவது திரளுகிறதா என்று. ஒன்றும் இல்லை. இலை மேல் இலையாக விரிந்துகொண்டே போனது. மூடுகிற எண்ணமே அதற்கு இல்லை.

மோகனிடம் கேட்டேன். வெயில் கண்டால் அப்படித்தான் அத்தான், இனிமேல் உருண்டை பிடிக்காது என்றான். அன்று அவன் டீ குடிக்கச் சொல்லவில்லை.

வசந்தா அந்த வாரம் பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் வைக்க முடியாமல் நின்றாள். கண்டக்டரும் நானும் தூக்கி ஏற்றினோம். அவள் எடையே இல்லாமல் இருந்தாள். எனக்கு அந்தச் செடிகளின் மேல் வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இத்தனை தண்ணீர் குடித்துவிட்டு, அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு பார்க்கப் பார்க்க வாளி வாளியாகக் குடித்துவிட்டு, ஒரு உருண்டை தர முடியவில்லையா உங்களுக்கு? மறுநாள் வெயில் ஏறியதும் முதல் வாளியைத் தூக்கினேன்.

கீழே வைத்த வாளி

கதவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, வசந்தா குனிந்து செடியைப் பார்த்தாள். ஊசி குத்தாத கையை நீட்டி, ஓர் இலையை அடியிலிருந்து நுனிவரை தடவினாள். பிறகு அதை ஒடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தாள்.

"இத ஏன் கொட்டப் போறீங்க?"

"உருண்டை பிடிக்கல வசந்தா. வெயிலு. இனிமே பிடிக்காதுன்னு மோகன் சொல்லிட்டான். எலதான் இருக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உருண்டைய யாரு கேட்டா? அதெல்லாம் தொரை வீட்டுக்குப் போயிரும். அப்பா அறுத்துக் கூடையில அடுக்கும்போது மேல் எலைய உரிச்சுப் போடுவாரு. அத அம்மா மடியில கட்டிக் கொண்டுவருவா. நாங்க தின்னது அந்த எலதான். உருண்டைய நான் வாயில வச்சதே இல்ல."

இலையை என்னிடம் நீட்டினாள். "இதத்தான நான் கேட்டேன்."

நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சூடு தெரியவில்லை. இத்தனை மாதமாக நான் உருண்டைக்குக் காத்திருந்தேன். அவளுக்கு வேண்டியது மாசியிலிருந்து மாடியில் விரிந்து கிடந்திருக்கிறது. சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. கோபமும் வந்தது. இதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"கோசுன்னா எலதானேன்னு நெனச்சேன்," என்றாள்.

சாப்பாட்டு விஷயம் சொல்கிற அம்மாவுக்குப் போன் செய்தேன். மேல் இலை என்பதால் யோசித்தார். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், இரண்டு தண்ணீரில் வேகவைத்து இரண்டையும் வடித்துவிடுங்கள் என்றார்.

வசந்தா நாற்காலியை அடுப்படி வாசலில் போடச் சொன்னாள். நரம்பை உரித்துவிட்டு இலையைச் சுருட்டி நூலாக நறுக்க வேண்டும், பூண்டை நசுக்கிப் போட வேண்டும், மிளகை ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். என்னிடம் ஒருநாளும் இவ்வளவு வேலை வாங்கியதில்லை. தண்ணீர் கொதித்தபோது பழக்கத்தில் மூக்கைச் சுளித்தேன். வாடை இல்லாமல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பழைய வாடையில் கால்வாசி இருந்தது.

அவள் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் நிற்காமல் முற்றத்துப் பக்கம் போய்விட்டேன். தட்டில் ஸ்பூன் சுரண்டுகிற சத்தம் கேட்டது. காலித் தட்டில்தான் அந்தச் சத்தம் வரும்.

அவள் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த நோய் அப்படிப் போகிற நோய் இல்லை. இன்றைக்கும் இரண்டே கிழமைதான் எங்களுக்கு. இதை எழுதுவதுகூட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்.

ஆனால் அவள் தட்டைக் காலி செய்த அந்த வாரத்தில் வந்த ஒரு போகிற நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைந்தோம். அப்படி வருகிற நாளில் அவள் நேராகப் படுக்கைக்குத்தான் போவாள், மறுநாள் காலைவரை எழுந்திருக்க மாட்டாள். நான் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை அடுப்படி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது," என்றாள். "சுருக்க வைங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் அவள் வாயில் வராத சொல். ஈர முகத்தைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.